ஆப்பிள் பெட்டியில் ஒரு சுவர் அலமாரி

செப்டம்பர், அக்டோபரில் பழ மண்டிப் பக்கம் போனால் வைக்கோல் ஒட்டிய மரப்பெட்டிகள் குவிந்து கிடக்கும். காஷ்மீரிலிருந்து வருபவை பெரும்பாலும் பாப்லர் மரம். வெளிர் நிறம், எடை குறைவு, ஆணி சுலபமாக இறங்கும். ஆனால் அது ஒரே ஒரு லாரிப் பயணத்துக்காக அடித்த பெட்டி. அதில் புத்தகம் அடுக்க வேண்டுமென்றால் முதலில் பெட்டியை உறுதியாக்க வேண்டும். பெயின்ட் ஆசையெல்லாம் அப்புறம்.

பெட்டியைப் பார்த்து எடுங்கள்

குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூளும் இருந்தால் அது உளுத்த பெட்டி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்கும் உளு பரவும். இயந்திரங்கள் வந்த இறக்குமதிப் பெட்டி கிடைத்தால் அதில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றால் சூடுபடுத்திய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

சுத்தம்

வைக்கோல், ஒட்டுத்தாள், துருத்திய கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். தண்ணீரில் ஊற வைத்துக் கழுவ வேண்டாம், பலகை வளைந்துவிடும்.

இறுக்கம்

பாதி வேலை இங்கேதான். ஆடுகிற ஆணிகளைக் குறடால் பிடுங்குங்கள். இடுக்கில் பெவிகால் விட்டு, அதே இடத்தில் ஓர் அங்குல ஸ்க்ரூ போடுங்கள். அதற்கு முன் 2 மி.மீ. டிரில் பிட்டால் ஓர் ஓட்டை அவசியம். இல்லையென்றால் பலகையின் ஓரம் பிளந்துவிடும். கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். காயுமுன் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். பிதுங்கிய பசையை அப்போதே துடைத்துவிடுங்கள்.

தேய்ப்பும் பூச்சும்

80ஆம் எண் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், மூக்குக்கு முகமூடி வேண்டும். விழுகிற மரத்தூளைக் கொட்டிவிடாதீர்கள். பெவிகாலில் குழைத்தால் ஆணி ஓட்டைகளை அடைக்க அதுவே போதும். பக்கப் பலகையில் அச்சடித்த எழுத்து இருந்தால் நான் அங்கே தேய்க்க மாட்டேன், பெட்டிக்கு அழகே அதுதான். பிறகு மெல்லியதாக இரண்டு கோட்டு வார்னிஷ், நடுவே ஒரு நாள் இடைவெளி.

சுவரில் மாட்டுதல்

என் முதல் அலமாரி மூன்றாம் நாளே முதுகுப் பலகையை மட்டும் சுவரில் விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. மாட்டியது முழுக்க அந்த மெல்லிய பலகையில்தான். இப்போது செய்வது வேறு. பெட்டியைப் படுக்கவைத்து மாட்டும்போது உள்ளே மேல் ஓரத்தில், முதுகை ஒட்டி, ஓர் அங்குல ரீப்பர் கட்டை, அதாவது நீள மரச்சட்டம். அதன் இரு முனைகளையும் தடிமனான பக்கப் பலகைகளில் ஸ்க்ரூ செய்துவிட்டு, ரீப்பர் வழியாகத்தான் சுவருக்குப் போகிறேன்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் அங்கேதான் ஓடும். ரசமட்டம் வைத்து இரண்டு புள்ளி குறித்து, 8 மி.மீ. பிட்டால் துளைத்து, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைப் பூச்சு தாண்டிச் செங்கலுக்குள் போகும்வரை தட்டுங்கள். ஸ்க்ரூ மூன்று அங்குலம். கட்டை, பலகை, சிமென்ட் பூச்சு மூன்றையும் கடந்து செங்கலைப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். துளையிலிருந்து மணல் மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தால் நான்கு விரல் தள்ளி வேறு இடம் பாருங்கள்.

மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் கீழே இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா? சரி, புத்தகங்களை எடுத்து வாருங்கள். கனமானவை இரண்டு ஓரங்களிலும், மெல்லியவை நடுவிலும்.