மேடையில் நாற்காலி போட்டால் போதுமா?

கட்சிக் கூட்டமோ மாணவர் பேரவையோ, மாற்றுத்திறனாளி இளைஞர்களை அழைத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: முன்வரிசையில் உட்காரவைத்து, பூங்கொத்து கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அன்று மாலை நடக்கும் செயற்குழுவுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. தவறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன். யாரை வேட்பாளராக்குவது, எந்தத் தெருவுக்கு யார் போவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்று பேசும் அறையில்தான் அரசியல் நடக்கிறது. அங்கே அவருக்கு இடம் வேண்டும்.

"இவரே வந்திருக்கிறார், நமக்கென்ன?" என்று ஒலிபெருக்கியில் சொல்வதைப் பாராட்டு என்று நினைக்கிறோம். கேட்கும் இருபது வயதுக்காரருக்கு எப்படி இருக்கும்? அதற்குப் பதில் ஒரு வேலையைக் கொடுங்கள்: வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது, துண்டறிக்கை எழுதுவது, வரவுசெலவுக் கணக்கு. சொதப்பினால் மற்றவர்களிடம் கேட்பதுபோலவே அவரிடமும் கேளுங்கள்.

தனி அணி ஒன்றைத் தொடங்கி எல்லாரையும் அதற்குள் தள்ளிவிடுவது இன்னொன்று. சாய்தளத்தைப் பற்றி மட்டும்தான் அவருக்குக் கருத்து இருக்கும் என்று யார் சொன்னது? பிறவியிலேயே பார்வையற்ற டேவிட் பிளங்கெட் 1970இல், 22 வயதில், ஷெஃபீல்டு நகர்மன்ற உறுப்பினரானார். 2001இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சர். காவல்துறையும் குடியேற்றமும் அவர் பொறுப்பில் இருந்தன. அவருடைய முடிவுகளைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அரசியல்வாதி என்றால் அப்படித்தானே!

வசதிகளைக் கடைசி நாளில் யோசிப்பதுதான் ஆளையே வரவிடாமல் செய்வது. மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சடித்த பிறகு "படி இருக்கிறதே" என்று நினைவு வரும். நாலு பேர் தூக்கிவிடலாம் என்பதெல்லாம் ஒரு வழியா? கழிப்பறைக் கதவின் அகலத்தை யாரும் அளப்பதில்லை. மூன்று மணிநேரக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வருபவர் இருப்பாரா, பாதியில் கிளம்புவாரா என்பது அதைப் பொறுத்தது. நிகழ்ச்சி நிரலை ஸ்கேன் செய்த படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்வையற்றவருக்கு எழுத்தை வாசித்துக்காட்டும் கைபேசியின் திரைவாசிப்பான் பெரும்பாலும் திணறும். தட்டச்சு செய்து எழுத்தாக அனுப்புங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கான செலவை ஒலிபெருக்கி வாடகையோடு சேர்த்தே முதலில் எழுதிவையுங்கள். அவர் பேச்சாளர் பக்கத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் நிற்க வேண்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூட வந்தவரிடம் பேசும் பழக்கமும் போக வேண்டும். "தம்பி என்ன சொல்றார்?" என்று அம்மாவிடம் கேட்பானேன், தம்பி எதிரிலேயே இருக்கும்போது? அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் இது முற்றி, வாக்கையே வீட்டார் தீர்மானிக்கும் நிலைக்குப் போய்விடுகிறது. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, ரகசியமாக வாக்களிப்பதையும் தேர்தலில் நிற்பதையும் உரிமை என்கிறது. உதவி தேவைப்பட்டால் உதவுபவரை வாக்காளரே தேர்ந்தெடுக்கலாம். உதவுபவர் வாக்குச்சீட்டைப் படித்துக்காட்டலாம், எளிய சொற்களில் விளக்கலாம். "இவருக்குப் போடு" என்று சொல்லக் கூடாது.

"போராட்டத்துக்கெல்லாம் வேண்டாம், பாவம், சிரமப்படுவார்கள்" என்ற அக்கறைக்கு 1977இலேயே சான் பிரான்சிஸ்கோவில் பதில் கிடைத்துவிட்டது. மத்திய அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் 504ஆம் பிரிவு 1973இலேயே வந்திருந்தும், அதற்கான விதிகளில் கையெழுத்திடாமல் அரசு இழுத்தடித்தது. ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்த மத்திய அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான ஜூடி ஹியூமனுக்கு வயது 29. தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தபோது, உள்ளே இருந்த காது கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்திட்டார்.