தோட்டப் பட்டணத்துல கூட்டுறவு சங்கம் வழியா கரண்ட் பில்ல குறைச்சு சோலார் போடறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்துல சோலார்னு பேச்செடுத்தா பாதி பேர் அது தாமான்ல (புது வீட்டுக் குடியிருப்புல) சொந்த வீடு வச்சிருக்கவங்களுக்குன்னு ஒதுங்கிடறாங்க, அதுல நியாயமும் இருக்கு, தோட்டத் தொழிலாளருங்க இருக்கற லைன் வீட்டு கூரை தோட்டத்துக்கு சொந்தம், வாடகை வீட்டு கூரை வீட்டுக்காரருக்கு சொந்தம், ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு கூரைன்னு ஒண்ணே கிடையாது. ஆனா கூரை இல்லாதவங்களுக்குத்தான் சங்கம் வேணும். தனியா செய்ய முடியாதத பத்து வெள்ளி (ரிங்கிட்) பத்து வெள்ளியா போட்டு சேந்து செய்றது நம்மளுக்கு புதுசு இல்ல, வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டு போன நேரத்துல 1960ல ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, ரப்பர் பால் வெட்டறவங்க காசுலயே தோட்டத்த வாங்கினாங்க. அதே புத்திய இப்ப கரண்டுக்கு எப்படி போடலாம்னுதான் இங்க எழுதறேன்.

முதல்ல வெளிநாட்டுல உறுப்பினருங்களே ஓனரா இருக்கற மின்சார கூட்டுறவு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிக்கங்க. அமெரிக்காவுல 1930கள்ல டவுனுல லைட் எரிஞ்சாலும் பண்ணை வீடுகள்ல பத்துல ஒண்ணுக்குத்தான் கரண்ட் இருந்துச்சு, லாபம் வராதுன்னு கம்பெனிங்க கம்பி இழுக்கல, 1935ல ரூஸ்வெல்ட் அரசாங்கம் கடன் குடுக்க ஒரு இலாகாவ ஆரம்பிச்சதும் விவசாயிங்களே சங்கம் சேந்து போஸ்ட் நட்டு கம்பி இழுத்தாங்க. இப்ப அங்க அந்த மாதிரி சங்கம் 800க்கு மேல இருக்கு. பில் கட்டறவர்தான் ஓனர், போர்டுல யார் உக்காரணும்னு அவர்தான் ஓட்டு போடறார், வருஷக் கடைசியில மிச்சம் வந்தா அது அவர் கணக்குல ஏறும். அதனால உறுப்பினர் கரண்ட மிச்சம் புடிச்சா சங்கத்துக்கு வலிக்கக்கூடாது, வீட்டுக்கு வந்து சோதனை பண்றது, நல்ல ஐஸ்பெட்டிக்கு ரிபேட் குடுக்கறது, சங்கம் போட்ட சோலார்ல ஆளுக்கு ரெண்டு தகடு பங்கு எடுக்க வைக்கிறது, இதெல்லாம் பல சங்கங்கள்ல வழக்கமான வேலையிலயே சேந்தது.

எனக்கு ரொம்ப புடிச்சது ஹவாய்ல கவாயி தீவு. அதுவும் தோட்டக்காடுதான், கரும்புத் தோட்டம், 1835லயே ஆரம்பிச்சது. 2002ல அந்த ஊர் ஜனங்க தனியார் கம்பெனிகிட்டேருந்து மொத்த மின்சார சப்ளையையும் கூட்டுறவா வாங்கிட்டாங்க. அப்ப பெரும்பாலும் கப்பல்ல வர்ற எண்ணெய எரிச்சுத்தான் கரண்ட், இப்ப நல்ல வெயில் நாள்ல பகல் நேரத்துல பல மணி நேரம் தீவு முழுக்க சோலார், பேட்டரி, தண்ணி மின்சாரம் இதுலயே ஓடுது, தண்ணி மின்சாரத்துல கொஞ்சம் கரும்புத் தோட்டம் அந்த காலத்துல கட்டி வச்சது.

நம்ம தீபகற்பத்துல அப்படியே செய்ய முடியாது, கம்பியும் மீட்டரும் தெனாகா (டிஎன்பி) மின்சார கம்பெனியோடது, சங்கம் வீட்டுக்கு வீடு கரண்ட் விக்க முடியாது. ஆனா அவங்க செய்ற பாதி வேலைக்கு கம்பி சொந்தமா இருக்கணும்னு அவசியமே இல்ல. பில்ல படிக்கிறது, வீட்ட சோதிக்கிறது, மொத்தமா வாங்கறது, சின்னக் கடன் குடுக்கறது, சங்கத்து கட்டடத்துல சோலார் போடறது, இது எல்லாம் நம்ம கையில. இந்த வரிசையிலயே செய்யணும், சோலார் கடைசி. வீணா போறத நிறுத்தாம தகடு போட்டா வீணா போறதுக்கும் சேத்து தகடு வாங்கின மாதிரி ஆயிடும்.

சரி, பில்லு. ஒவ்வொரு உறுப்பினரும் 12 மாச பில்ல எடுத்துட்டு வரணும், தாள் இல்லன்னா மைடிஎன்பி ஆப்ல பழசெல்லாம் இருக்கு, வயசானவங்களுக்கு பேரப்புள்ளைங்க எடுத்துக் குடுக்கட்டும். வெள்ளிய பாக்காதீங்க, யூனிட்ட பாருங்க. 2025 ஜூலைலேருந்து கணக்கு மாறிடுச்சு, முன்ன மாதிரி முதல் 200 யூனிட்டுக்கு ஒரு ரேட் அடுத்த 100க்கு ஒரு ரேட்னு இல்ல, எனர்ஜி சார்ஜ் 27.03 சென், அதோட கெப்பாசிட்டி 4.55, நெட்வொர்க் 12.85, ஆக யூனிட்டுக்கு 44.43 சென் (மாசம் 1,500 யூனிட்டுக்குள்ள இருந்தா), அதுலேருந்து சிக்கனமா இருக்கறவங்களுக்கு கழிவு தர்றாங்க. 200 யூனிட்டுக்குள்ள இருந்தா கழிவு 25 சென், மேல போகப் போக குறைஞ்சுகிட்டே வந்து 1,000 தாண்டினா ஒண்ணுமே இல்ல. முக்கியமானது என்னன்னா இந்தக் கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேத்துதான், அதனால ஒரு படி தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் ரேட் ஏறுது.

600 யூனிட்ட மனசுல வச்சிக்கங்க. அதுக்கு மேல போனா மாசம் 10 வெள்ளி ரீட்டெய்ல் சார்ஜ், எரிபொருள் விலை ஏத்த இறக்கக் கணக்கும் நம்ம பில்லுல சேரும், அது கூட்டவும் செய்யும் குறைக்கவும் செய்யும், கழிவும் ஒரு படி குறையும். அந்த எரிபொருள் கணக்க சேக்காம பாத்தா 600ல நிக்கிற பில்லுக்கும் 610ல நிக்கிற பில்லுக்கும் வித்தியாசம் 20 வெள்ளிக்கு மேல, பத்தே பத்து யூனிட்டுக்கு! அதனால சங்கத்துல பில்லெல்லாம் சேந்ததும் 600க்கும் 700க்கும் நடுவுல யாரு இருக்காங்கன்னு முதல்ல பிரிங்க, அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போகணும், கொஞ்சம் குறைச்சாலே அவங்களுக்கு கையில காசு தெரியும், அத பாத்துத்தான் மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்.

வீட்டு சோதனைக்கு பெரிய நிபுணர் வேண்டாம். பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக் படிக்கிற பசங்க ரெண்டு மூணு பேர், கூட அந்த வீட்டுக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, பிளக்ல மாட்டி யூனிட் பாக்கற ஒரு பிளக் மீட்டர், ஒரு நோட்டு போதும். ராத்திரி 10 மணிக்கு மீட்டர எழுதி வைக்க சொல்லுங்க, காலையில 6 மணிக்கு திரும்ப எழுதணும், தூங்கற நேரத்துல எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சிடும். பெரும்பாலும் மாட்டறது ஏர்கோன்தான், பழைய 1 எச்பி ஏர்கோன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா மாசத்துக்கு 150லேருந்து 200 யூனிட் சாப்பிடும். அத நிறுத்துன்னு சொல்லாதீங்க, ஜிங் கூரைக்கு கீழ தூங்கறவங்ககிட்ட அத சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. பில்டர கழுவ சொல்லுங்க, 25 டிகிரியில வச்சு காத்தாடி போட சொல்லுங்க, கதவு இடுக்க அடைங்க, முடிஞ்சா கூரைக்கு அடியில வெள்ளி பாயில் போட மொத்தமா விலை கேளுங்க, வெயில் உள்ள இறங்காம இருந்தா ஏர்கோனுக்கு வேலை குறையும். அடுத்தது ஐஸ்பெட்டி, கதவு ரப்பர் போயிருந்தா நாள் முழுக்க மோட்டார் ஓடும், ஒரு தாள வச்சு கதவ மூடி இழுத்துப் பாருங்க, லேசா வந்துட்டா ரப்பர மாத்தணும், புது பெட்டியே வாங்க வேண்டியதில்ல. புதுசு வாங்கறதா இருந்தா நட்சத்திரத்த மட்டும் பாக்காம லேபிள்ல வருஷத்துக்கு எத்தன யூனிட்னு போட்டிருக்கும், அத வச்சு ஒப்பிடுங்க. வயர் கருகின வாடை, சூடான பிளக் பாயிண்ட் தெரிஞ்சா பசங்கள தொட விடாதீங்க, லைசென்ஸ் உள்ள வயர்மேன கூப்பிடுங்க.

இனிமே கடன். அமெரிக்காவுல அர்கன்சாஸ்ல வாஷிட்டானு ஒரு மின்சார கூட்டுறவு 2016லேருந்து ஒரு திட்டம் நடத்துது, சங்கமே காசு போட்டு வீட்ட சரி பண்ணும், உறுப்பினர் மாசா மாசம் பில்லோட கட்டுவார், ஆனா கட்டற தொகை மிச்சமாகற காசுல 80 சதவீதத்த தாண்டக்கூடாது, கடன் ஆள் மேல இல்ல, மீட்டர் மேல, வீடு மாறிட்டா அடுத்து வர்றவர் கட்டுவார். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! நம்மளால தெனாகா பில்லுல சேக்க முடியாது, அதனால மீட்டர் விஷயத்த விட்டுடுங்க, அந்த 80 சதவீத விதிய மட்டும் அப்படியே எடுத்துக்கங்க, சங்கத்துக்கு கட்டற மாச சந்தாவோட சேத்து வசூல் பண்ணுங்க. உதாரணத்துக்கு பழைய சீலிங் காத்தாடி 70 வாட், டிசி மோட்டார் காத்தாடி 30 வாட், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ஒரு காத்தாடிக்கு மாசம் 14 யூனிட்டுக்கு மேல மிச்சம், மூணு காத்தாடிக்கு 43 யூனிட், யூனிட்டுக்கு தோராயமா 30 சென் வச்சா 13 வெள்ளி, அப்ப மாசத் தவணை 10 வெள்ளிக்கு மேல போகக்கூடாது. வீடு மாறினா காத்தாடிய கழட்டி எடுத்துட்டு போகலாம், அதனாலதான் வாடகை வீட்டுக்கு கூரை வேலைய விட காத்தாடி நல்லது. கடைக்காரர்கிட்ட நாப்பது காத்தாடி ஒண்ணா வாங்கறோம்னு பேசுங்க, விலை வேற மாதிரி வரும்.

இதெல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகு சோலார். கட்டடத்த தேர்ந்தெடுக்கறதுதான் பாதி வேலை. நிறைய பேர் கோயில் மண்டபத்த சொல்வாங்க, பெரிய கூரை, நல்ல காரியம், ஆனா மண்டபத்துல கரண்ட் ஓடறது ராத்திரியும் சனி ஞாயிறும், வெயில் அடிக்கிறது திங்கள் மத்தியானம். முன்ன நெம் (NEM) திட்டத்துல வீடுகளுக்கு, பயன்படுத்தாம தெனாகாவுக்கு போற மிச்ச கரண்ட பில்லுல ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சாங்க, அதுல புதுசா சேர்றது 2025 நடுவுல முடிஞ்சு போச்சு, 2026 ஜனவரிலேருந்து ஏடாப் (Solar ATAP) திட்டம், இதுல ஒண்ணுக்கு ஒண்ணு இல்ல, பகல்ல நாமே பயன்படுத்தறதுதான் லாபம். அதனால பகல்ல ஐஸ்பெட்டி ஓடற சங்கத்து மினி மார்க்கெட், சங்க ஆபீஸ், பாலர் பள்ளி, இந்த மாதிரி இடம்தான் முதல்ல. தமிழ்ப்பள்ளின்னா பள்ளி வாரியத்துக்கிட்டயும் நிலம் யாருதோ அவங்ககிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கணும், வாய் வார்த்தை போதாது.

அளவு பெருசா இருக்கணும்னு ஆசப்படாதீங்க. நம்ம நாட்டு வெயில்ல 1 கிலோவாட் சோலாருக்கு வருஷத்துக்கு சுமாரா 1,200லேருந்து 1,400 யூனிட் வரும், மாசத்துக்கு நூறு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. கட்டடத்துல பகல் 9லேருந்து 5 வரைக்கும் எத்தன யூனிட் போகுதுன்னு ரெண்டு வாரம் மீட்டர பாத்து எழுதுங்க, அந்த அளவுக்கு போட்டா போதும். செடாவுல (SEDA, புதுப்பிக்கத்தக்க எரிசக்திய பாத்துக்கற அரசாங்க அமைப்பு) பதிவு பண்ண கம்பெனிங்க மூணு பேர்கிட்ட விலை கேளுங்க, மூணு பேருக்கும் ஒரே அளவு சொல்லி கேளுங்க, இல்லன்னா ஒப்பிடவே முடியாது. காசே வேண்டாம் நாங்களே போட்டுத் தர்றோம்னு வர்ற ஒப்பந்தத்துக்கு வருஷக்கணக்கா காசு கட்டணும்னு மறந்துடாதீங்க, நடுவுல விட்டா என்ன தண்டம், கூரை ஒழுகினா யார் பொறுப்பு, இந்த ரெண்டு விஷயத்த தமிழ்ல சொல்ல சொல்லி கமிட்டி முழுக்க கேட்ட பிறகுதான் சைன்.

சட்டம்னு பாத்தா 1993 கூட்டுறவுச் சட்டம், சுருஹான்ஜாயா கோப்பராசி மலேசியா (மலேசிய கூட்டுறவு ஆணையம்) மேற்பார்வை. உங்க சங்கத்தோட துணை விதியில இந்த மாதிரி வேலை செய்ய இடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பொதுக்கூட்டத்துல திருத்தம் போடணும். கூட்டத்துல ஓட்டுக்கு விடும்போது ரெண்ட தனித்தனியா விடுங்க, சோலார் போடலாமான்னு ஒண்ணு, வர்ற மிச்சத்த என்ன செய்யலாம்னு ஒண்ணு. என்ன கேட்டா முதல் சில வருஷம் டிவிடெண்டா பிரிக்காம காத்தாடி ஐஸ்பெட்டி கடன் நிதியில போடணும், அப்பதான் சங்கத்து கூரையில விழற வெயில் லைன் வீட்டுக்கும் போய்ச் சேரும், ஆனா முடிவு உறுப்பினருங்களோடது, கமிட்டி முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்து கை தூக்க சொன்னா அடுத்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டாங்க. பெண்கள் வர்ற நேரத்துல கூட்டம் வைங்க, வீட்டுல எந்த சுவிட்ச் எப்ப போடறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஞாயித்துக்கிழமை சமையல் நேரத்துல வைக்காதீங்க.

சோலார் போட்ட பிறகு இன்வர்ட்டர் (தகட்டு கரண்ட கட்டடத்துக்கு ஏத்த கரண்டா மாத்தற பெட்டி) ஆப் பாஸ்வேர்ட் ஒரே ஆள்கிட்ட இருக்கக்கூடாது, செயலாளர், பொருளாளர் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கட்டும். மாசா மாசம் எத்தன யூனிட் வந்துச்சு, பில் எவ்வளவு குறைஞ்சுது, கடன் நிதியில எவ்வளவு இருக்குன்னு மூணு வரி எழுதி சங்கத்து போர்டுல ஒட்டுங்க, வாட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க. யூனிட் திடீர்னு குறைஞ்சா முதல்ல தகட்டுல நிழல் விழுதான்னு பாருங்க, பக்கத்து மரக்கிளை ஒண்ணு வளந்தாலே போதும், அப்புறம் தூசி, பறவை எச்சம், அதுக்கப்புறம்தான் கம்பெனிக்கு போன் பண்ணுங்க.