பெயருக்கு முன் ஒரு சிறு கோடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரக் கடைத்தெருவில் ஒரு கடைக் கதவில், 'ஸ்மால் லாரி டிரைவர் வான்டட்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு என்னிடம் ஆங்கிலம் படிக்கும் மாணவன் அதைப் பார்த்துவிட்டு, "சார், குள்ளமான டிரைவர்தான் வேணுமா?" என்று கேட்டான். வேடிக்கையாகக் கேட்டாலும் கேள்வி சரியானதே. சிறியது லாரிதான் என்பதைத் தெளிவாக்க, 'ஸ்மால்-லாரி டிரைவர்' என்று ஒரு ஹைபன், அதாவது சொற்களை இணைக்கும் சிறு கோடு, இட்டிருந்தால் போதும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து, அந்தப் பெயரை விவரிக்கும் ஒரே அடையாக நிற்கும்போது, அவற்றை இவ்வாறு பிணைக்க வேண்டும்.

எண் வரும் இடத்தில்தான் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். 'டூ-இயர்ஸ் கான்ட்ராக்ட்' என்பது தவறு. 'டூ-இயர் கான்ட்ராக்ட்' என்பதே சரி, ஏனெனில் அடைக்குள் வரும் அளவுச்சொல் ஒருமையில்தான் நிற்கும். தமிழிலும் 'மூன்று மாடிக் கட்டடம்' என்கிறோமே தவிர, 'மூன்று மாடிகள் கட்டடம்' என்பதில்லை. மலாயில் 'ருமா பாரு' என்று வீடு முதலிலும் 'புதிய' என்பது பின்னாலும் வரும். தமிழிலோ ஆங்கிலத்தைப் போலவே அடை முன்னால் வரும். ஆகவே, ஐயம் எழும்போது தொடரை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்குமாறு கூறுவேன்.

மறுநடவுக்காக வெட்டப்படும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) ஏறக்குறைய 25 வயதிருக்கும். அந்த மரத்தை 'எ 25-இயர்-ஓல்ட் பாம்' என்று இரண்டு ஹைபன்களுடன் எழுத வேண்டும். அதே செய்தி பெயருக்குப் பின்னால் போனால், 'தி பாம் இஸ் 25 இயர்ஸ் ஓல்ட்' என்று ஹைபன்கள் விலகி, பன்மை திரும்பிவிடும். 'வெல்-நோன் சிங்கர்' என்பதும் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் கோடின்றியே எழுதப்படும்.

'லி' என முடியும் வினையடைக்குப் பின் ஹைபன் வேண்டாம்: 'நியூலி பெயின்ட்டட் ஹால்'. ஆனால் 'ஃபிரெண்ட்லி' வினையடையன்று, பெயரடை. எனவே 'ஃபிரெண்ட்லி-லுக்கிங் டாக்' என்பதில் கோடு உண்டு. ஈற்றெழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வேலை விண்ணப்பத்தில் 'த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதுவோர், அங்கே மட்டும் 'எஸ்' ஏன் வருகிறது என்று கேட்பதுண்டு. அது அடையன்று, 'மூன்று ஆண்டுகளின் அனுபவம்' என்னும் உடைமைப் பொருள். ஆகவே ஹைபனுக்குப் பதிலாக அந்த 'எஸ்' எழுத்துக்குப் பின் ஓர் அப்பாஸ்ட்ரஃபி (’) இட வேண்டும்.