பிலிப்பினோ பிக்கோ: சர்க்கரைப் பொங்கல் தெரிந்த தைரியத்தில் நான் கெடுத்த மூன்று சட்டி

பிலிப்பைன்ஸின் கேசோன் சிட்டிக்குக் குடிவந்த முதல் மாதமே மாடி வீட்டில் ஒரு பிறந்தநாள். வாழையிலை விரித்த வட்டமான மூங்கில் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். பிலாவ் என்கிறார்கள். பார்த்தால் நம் ஊர்ச் சுளகுதான், அதில் அரிசி புடைப்பதும் உண்டு. தட்டு நிறையப் பழுப்பு நிறத்தில் பளபளவென்று சோறு, மேலே பொன்னிறத்தில் ஏதோ தூள். வாயில் போட்டால் தேங்காய்ப்பால், வெல்லம் மாதிரி ஒரு வாசம், கடைசியில் லேசாக உப்பு. "அட, இது சர்க்கரைப் பொங்கலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி" என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று சட்டி குப்பைக்குப் போனதற்கு அந்த முடிவுதான் காரணம்.

பெயர் பிக்கோ. இங்கே முதல் எழுத்தை நீட்டித்தான் சொல்வார்கள். தமிழில் அப்படி நீட்டி எழுதினால் சங்கடமாக இருக்கும் என்பதால் குறிலாகவே விட்டுவிட்டேன். பத்தாங்காஸ் பக்கத்தில் இதையே சினுக்மானி என்பார்கள். இந்த வகைப் பலகாரங்களுக்கெல்லாம் பொதுப்பெயர் காக்கானின். கானின் என்றால் சோறு. இலையில் சுற்றி அவிக்கும் சுமான், சுண்ணாம்புத் தெளிவு போன்ற காரநீர் விட்டு அவிக்கும் குச்சிந்தா, அடுக்கடுக்காக நிறம் மாறும் சாபின் சாபின், கிறிஸ்துமஸையொட்டி டிசம்பர் 16 முதல் தேவாலயங்களில் நடக்கும் அதிகாலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் கிடைக்கும் பிபிங்கா, புத்தோ பும்போங் என்று பெரிய குடும்பம். புதிதாகச் செய்பவர்கள் பிக்கோவில் தொடங்குங்கள். மாவு அரைக்க வேண்டாம், அச்சு வேண்டாம், ஆவியில் வைக்க வேண்டாம்.

தேவையானவை:

மலக்கிட் அரிசி 2 கப் (சுமார் 400 கிராம்)
நன்றாக முற்றிய தேங்காய் 3
அடர்நிற நாட்டுச்சர்க்கரை ஒன்றரைக் கப்
உப்பு அரை டீஸ்பூன்
இஞ்சி கட்டைவிரல் அளவு, தட்டியது
பண்டான் இலை 2 (நாம் பிரியாணிக்குப் போடும் ரம்பை இலை)
வாழையிலை

அரிசியில் மட்டும் சமரசம் கிடையாது. மலக்கிட் என்றாலே ஒட்டுகிறது என்றுதான் பொருள். சாதாரண அரிசியில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மாவுச்சத்து இருக்கும். இதில் கிட்டத்தட்ட முழுக்க இரண்டாவதுதான், அதனால்தான் இந்த ஒட்டல். பொன்னியோ பச்சரிசியோ போட்டால் நல்ல தேங்காய்ப்பால் பொங்கல் வரும், பிக்கோ வராது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் புளுட் அரிசி என்று கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் கிடைக்காவிட்டால் கருப்புக் கவுனி போடலாம், அதுவும் ஒட்டும் அரிசிதான். ஆனால் ராத்திரியே ஊற வைக்க வேண்டும், நிறமும் ருசியும் வேறாக இருக்கும்.

சர்க்கரைக்கு இங்கே நீக்ரோஸ் தீவின் மஸ்கவாடோ கிடைக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். சிரட்டையில் ஊற்றி வார்த்த வெல்லக்கட்டியும் உண்டு, பெயர் பனுச்சா. வெள்ளைச் சர்க்கரை போட்டுச் செய்ய நினைப்பவர்கள் வேறு பலகாரம் பார்க்கலாம்.

தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து முதல் பால் எடுங்கள். இங்கே சந்தையில் மெஷினில் துருவிப் பிழிந்தே கொடுப்பார்கள். தேங்காய்ப்பால் கத்தா, முதல் பால் காக்காங் கத்தா. (காக்கா என்ற சொல் காதில் விழுந்து நான் திரும்பிப் பார்த்தது தனிக்கதை.) முதல் பாலில் 2 கப்பைத் தனியாக வையுங்கள். மிச்சம் இருந்தால் இரண்டாம் பாலில் சேர்த்து மொத்தம் 3 கப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் லாத்திக்

மேலே தூவிய அந்தப் பொன்னிறத் தூள்தான் லாத்திக். நாகர்கோவில் பக்கம் உருக்கெண்ணெய் காய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, அடியில் கசண்டு நிற்குமே, அதேதான். மற்றவர்கள் வெண்ணெய் உருக்கும்போது அடியில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2 கப் முதல் பாலை அகலமான சட்டியில் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அடி பிடிக்காமல் கிளறுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காது. அப்புறம் தயிர் மாதிரித் திரியும், ஓரத்தில் எண்ணெய் தெரியும். அந்தக் கட்டத்திலிருந்து நகராதீர்கள். வெள்ளைத் திரி பழுப்பாக ஐந்து நிமிடம், பழுப்பு கருப்பாக அரை நிமிடம். தேன் நிறம் வந்ததுமே வடிகட்டுங்கள், எண்ணெய்ச் சூட்டில் அது இன்னும் ஒரு படி சிவக்கும். இரண்டு கப் பாலுக்கு ஒரு சின்னக் கைப்பிடிதான் தேறும், ஏமாறாதீர்கள். எண்ணெயைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இந்த வேலைக்கு மட்டும் எனக்கு நான்ஸ்டிக் சட்டிதான். இரும்புச் சட்டியில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டிச் சுரண்டிக் கசப்புதான் மிச்சம்.

இனி அரிசி. நான் விழுந்த இடம் இதுதான்

அரிசி வெந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும் என்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கெட்டது எப்படி என்றால், இந்த அரிசி வேகாமலே வெந்த மாதிரி நடிக்கும். பொன்னி அரிசி முக்கால் பதத்தில் விறைப்பாக, தனித்தனியாக நிற்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். மலக்கிட் அரைவேக்காட்டிலேயே பளபளத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை ஊறவைக்காமல் ரைஸ் குக்கரில் போட்டேன். டக்கென்று சத்தம் வந்தது, திறந்தேன், ஒட்டியிருந்தது, சர்க்கரைப்பாகில் கொட்டிவிட்டேன். கிளறினேன், கிளறினேன், ஐம்பது நிமிடம் கிளறினேன். வெளியே அல்வா, உள்ளே அரிசி. பல்லில் நறநறவென்றது.

சர்க்கரை உள்ளே போனதும் இருக்கிற தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாவுச்சத்து உப்பி மலர்வதற்கு வேண்டிய சூடும் கூடிவிடும். ஆக, அரிசி எந்தப் பதத்தில் பாகுக்குள் இறங்குகிறதோ ஏறக்குறைய அந்தப் பதத்திலேயே நின்றுவிடும். அதன் பிறகு எவ்வளவு கிளறினாலும் கைதான் வலிக்கும்.

சரி, குழைய விட்டால் ஆயிற்று என்று இரண்டாம் தடவை பொங்கலுக்கு வைப்பது போலப் பிரஷர் குக்கரில் நாலு கப் தண்ணீர் விட்டு நாலு விசில் வைத்தேன். களி. பருக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிக்கோவில் பருக்கை முழுசாகத் தெரிய வேண்டும், ஆனால் உள்வரை வெந்திருக்க வேண்டும். பிரஷர் குக்கரை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

மாடி வீட்டு ஆத்தேதான் வழி காட்டினார். ஆத்தே என்றால் அக்கா. நான் ரொம்ப நாள் அத்தை என்றே நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இருவருக்கும் சரியாகத்தான் இருந்தது. என் குக்கரிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்துத் தட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. "ஹிலாவ் பா" என்றார். இன்னும் பச்சை என்று அர்த்தம். அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று பருக்கை பார்க்கச் சொன்னார். மேலே இருப்பதுதான் எப்போதும் ஏமாற்றும். சோறு கட்டியாகிவிடுவதால் ஆவி மேலே வருவதில்லை.

இப்போது நான் செய்வது: அரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, ஒன்றரைக் கப் தண்ணீரும் பண்டான் இலையும் சேர்த்து ரைஸ் குக்கரில் வைக்கிறேன். சத்தம் வந்ததும் நனைத்த மரக்கரண்டியால் அடிமேலாக ஒரு தடவை புரட்டி, மூன்று ஸ்பூன் வெந்நீர் தெளித்து, மூடிப் பத்து நிமிடம் விடுகிறேன். பிறகு அந்த மூன்று பருக்கைப் பரீட்சை. வெள்ளைப் புள்ளி இருந்தால் மறுபடியும் வெந்நீர், மறுபடியும் பத்து நிமிடம். புள்ளி மறையாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

பாகும் கிளறலும்

அடிகனமான சட்டியில் இரண்டாம் பால் 3 கப், சர்க்கரை, உப்பு, இஞ்சி எல்லாவற்றையும் போட்டு மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். கம்பிப் பதம் எல்லாம் தேட வேண்டாம். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சுமார் இருபது நிமிடம் ஆகிறது. இஞ்சியை எடுத்துவிட்டுச் சோற்றைக் கொட்டுங்கள்.

இனி கிளற வேண்டும். நான் கொஞ்சம் நிறுத்தினாலும் ஆத்தே "ஹாலோ, ஹாலோ" என்பார். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். ஹாலோ என்றால் கிளறு, கல. ஐஸ் போட்டுத் தரும் ஹாலோ ஹாலோவும் இதே சொல்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை கனக்கும், மொத்தமும் ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டு விலகி வரும். சிலிக்கான் கரண்டி இந்தக் கனத்துக்கு வளைகிறது. மரத் துடுப்பு வாங்குங்கள், கைப்பிடி நீளமாக இருக்கட்டும்.

வாழையிலையை அனலில் வாட்டித் தட்டில் விரித்து, லாத்திக் எண்ணெயைத் தடவி, சூட்டோடு கொட்டிப் பரப்புங்கள். எண்ணெய் தொட்ட கரண்டியால் மேலே சமப்படுத்தி லாத்திக்கைத் தூவுங்கள். வில்லை போட ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். இங்கே மாலை மூன்று மணிவாக்கில் மெரியெண்டா என்று ஒரு சிற்றுண்டி நேரம் உண்டு, அதற்குக் காலையிலேயே செய்துவிடுவார்கள். புத்தாண்டுக்கும் ஒட்டும் பலகாரம் கட்டாயம், குடும்பம் ஒட்டி இருக்கும் என்று நம்பிக்கை.

பிறகு சேர்த்தவை

லாத்திக் பிரியவே இல்லை, முக்கால் மணி நேரமாக வெள்ளைக் கூழாகக் கொதிக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பாக்கெட் பாலா என்று கேட்டேன், ஆமாம் என்றார். என் மூன்றாவது சட்டியும் இதே விதத்தில்தான் போனது, அதை மேலே எழுத மறந்துவிட்டேன். பாலும் எண்ணெயும் பிரிந்து நிற்காமல் இருக்க டப்பாப் பாலில் குவார் கம் போன்றவை சேர்த்திருப்பார்கள். நமக்கோ பிரிந்தால்தான் வேலை. அட்டையில் தேங்காயும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது துருவி உட்காருங்கள். பாகுக்கு மட்டும் என்றால் பாக்கெட் பால் தாராளமாகப் போதும்.

தெற்கே தாவா நகரில் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர், "அக்கா, இங்கே லாத்திக் கேட்டால் பாகைக் கொடுக்கிறார்கள்" என்று கேட்டிருந்தார். தப்பில்லை தம்பி. விசாயா மொழி பேசும் பகுதிகளில் லாத்திக் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகுதான். நான் இருக்கும் லூசோன் தீவில்தான் அது பொரிந்த தூள். சமையல் குறிப்பு படிக்கும்போது எழுதியவர் எந்த ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்லம் போடலாமா என்று நிறையப் பேர். போடலாம். ஆனால் மண் இருக்கும், அரைக் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாலில் சேருங்கள். பாகு வற்ற இன்னும் ஐந்து நிமிடம் கூட ஆகும். ஏலக்காய், முந்திரி, நெய் சேர்த்ததாக ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அது சர்க்கரைப் பொங்கல்.

எத்தனை நாள் தாங்கும்? தேங்காய்ப்பால் என்பதால் வெளியே ஒரு நாள்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும், பயப்பட வேண்டாம். இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி இளகும். அதைவிட, தோசைக்கல்லில் மிச்சமிருக்கும் லாத்திக் எண்ணெயைத் தடவி வில்லைகளை இரண்டு பக்கமும் சிவக்க விட்டுப் பாருங்கள். ஓரம் முறுகி, நடுவில் இழுக்கும். என் பையன் இதற்காகவே முதல் நாள் நாலு துண்டை ஒளித்து வைக்கிறான்.