லினக்ஸில் ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்தும் முன்: மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியவர்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் நிறைய. ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், தேயிலை இலைக்கணக்கு எழுதும் வீடு என்று பழைய மெஷின்களில் இப்போது லினக்ஸ் பதிப்புகளான மின்ட் அல்லது உபுண்டு. நான் போட்டுக்கொடுப்பது சின்ன வேலை. அதற்கப்புறம் வரும் போன்கள்தான் பெரிய வேலை, அதில் முக்கால்வாசி சாஃப்ட்வேர் சென்டர், அதாவது செயலிகளைத் தேடி ஏற்றும் கடையைப் பற்றித்தான். மின்ட்டில் அதன் பெயர் சாஃப்ட்வேர் மேனேஜர்.

காரணம் புரியாமல் இல்லை. எல்லாருக்கும் பிளே ஸ்டோர் பழகிய கை. அங்கே கடையும் ஒன்று, கிடங்கும் ஒன்று. லினக்ஸில் முகப்பு ஒன்று, பின்னால் கிடங்கு இரண்டோ மூன்றோ இருக்கும். உங்கள் லினக்ஸ் பதிப்பின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வரும் டெப் தொகுப்பு ஒன்று. ஃப்ளாட்ஹப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து வரும் ஃப்ளாட்பேக் இன்னொன்று. உபுண்டு தயாரிக்கும் கனானிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப் மூன்றாவது. மூன்றுக்கும் பொத்தான் ஒரே மாதிரி, ஐகானும் ஒரே மாதிரி. உள்ளே நடப்பது மட்டும் வேறு.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அழுத்துவது

முதல் தவறு இதுதான், மற்ற பாதித் தொல்லைகளுக்கு வேரும் இதுதான். ஒரு டிடிபி கடையில் நடந்தது. மின்ட்டோடு வந்த லிப்ரே ஆபீஸில் தம்பி ஒருவர் விண்ணப்பங்களுக்கான தமிழ்ச் சுருக்கங்களை ஆட்டோகரெக்டில் ஏற்றி வைத்திருந்தார். ‘வ.ஆ.’ என்று அடித்தால் ‘வட்டாட்சியர் அலுவலகம்’ என்று விரியும். புதிய பதிப்பு வேண்டும் என்று சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி, கண்ணில் பட்டதை இன்ஸ்டால் செய்தார். மறுநாள் அதைத் திறந்தால் சுருக்கம் ஒன்றும் இல்லை. “அண்ணா, எல்லாம் அழிஞ்சு போச்சுங்க” என்று போன்.

எதுவும் அழியவில்லை. அவர் ஏற்றியது ஃப்ளாட்பேக். அது தன் அமைப்புகளை ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘வார்’ ஃபோல்டரில் தனியாக வைத்துக்கொள்ளும். பழையது ‘கான்ஃபிக்’ ஃபோல்டரில் வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. மெனுவில் ஒரே பெயரில் இரண்டு லிப்ரே ஆபீஸ் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். இப்படி ஆனால் அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். எது எந்த வகை என்று முதலில் பாருங்கள். பழையதன் ‘யூசர்’ ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் வேண்டாததை நீக்குங்கள்.

வகையைப் பார்க்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூலை. மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜர், வேறு லினக்ஸ்களில் வரும் க்னோம் சாஃப்ட்வேர், கேடிஇ டிஸ்கவர் என்ற கடைகள், மூன்றிலும் செயலியின் பக்கத்தில் மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பட்டியல் இருக்கும். உபுண்டுவின் ஆப் சென்டர் முதலில் ஸ்னாப்பைத்தான் காட்டும். டெப் வேண்டுமென்றால் தேடல் முடிவுகளுக்கு மேலே உள்ள வடிகட்டியை மாற்ற வேண்டும். இவ்வளவு முக்கியமான தகவலை இத்தனை சிறிய எழுத்தில் ஒளித்து வைத்தவர்களை என்ன சொல்வது!

பென் டிரைவ் விவகாரமும் இதே கதை. ஸ்னாப், ஃப்ளாட்பேக் செயலிகள் வேலிக்குள் ஓடுபவை. வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவ் ஃபைல் மேனேஜரில் தெரியும், சில செயலிகளின் உள்ளே தெரியாது. டிரைவ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் வரை போனவர்கள் உண்டு. ஸ்னாப் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் வெளிச் சேமிப்பகத்துக்கு அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. ஃப்ளாட்பேக்குக்கு ஃப்ளாட்சீல் என்ற சின்னச் செயலி இருக்கிறது, ஒவ்வொரு செயலியின் அனுமதியையும் அதில் மாற்றலாம்.

டேட்டா பேக்கை மறந்துவிடுவது

ஒரு சின்ன ஃப்ளாட்பேக் செயலி சில எம்பிதான் இருக்கும். ஆனால் அது நிற்பதற்கு ரன்டைம் என்ற அடித்தளம் வேண்டும், முதல் தடவை அது சில நூறு எம்பி இறங்கும். அடுத்த செயலி அதே ரன்டைமைப் பயன்படுத்தினால் மறுபடி இறங்காது. போன் ஹாட்ஸ்பாட்டில், தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் வேலை பார்ப்பவர் மொத்த அளவைப் பார்க்காமல் அழுத்தினால் மத்தியானத்துக்குள் அன்றைய டேட்டா காலி. ஸ்னாப் வேறு, நாளுக்கு நான்கு முறை தானே அப்டேட் தேடும். வைஃபை செட்டிங்ஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு’, அதாவது அளவுள்ள டேட்டா, என்று குறித்து வையுங்கள். க்னோம் சாஃப்ட்வேரின் தானியங்கி இறக்கம் அதைப் பார்த்து நின்றுகொள்ளும். ஸ்னாப்புக்கு ‘மீட்டர்டு என்றால் நிறுத்து’ என்று தனியாக ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும்.

கரண்ட் போகும் நேரத்தில் இன்ஸ்டால் செய்வது

கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை. காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், ஆகவே கரண்ட் போன அந்த நொடியே மெஷினும் அணையும்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. டெப் தொகுப்பு ஏறுவதில் இரண்டு கட்டம் உண்டு: இறக்குவது, பிரித்து அமைப்பது. இறக்கும்போது நெட்டோ கரண்டோ போனால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரித்து அமைக்கும்போது போனால்தான் வினை. சாஃப்ட்வேர் சென்டர் இரண்டையும் ஒரே கோடாக ஓட விடுவதால் இப்போது எந்தக் கட்டம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஃப்ளாட்பேக்கும் ஸ்னாப்பும் இந்த விஷயத்தில் தேவலை. முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் பழையதற்குப் பதில் புதியது மாறும்.

மழைக்காலத்தில் என் யோசனை, சினாப்டிக் என்ற டெப் தொகுப்பு மேலாளர். மின்ட்டோடு வருகிறது, உபுண்டுவில் ஏற்றிக்கொள்ளலாம். தோற்றம் பழசு, பேச்சு நேர்மை. ‘அப்ளை’ அழுத்தியதும் வரும் பெட்டியில் ‘கோப்புகளை இறக்க மட்டும் செய்’ என்று ஒரு டிக் இருக்கிறது. சிக்னல் நன்றாக இருக்கும் இரவில் இறக்கி வைத்துவிட்டு, கரண்ட் நிலையாக இருக்கும்போது ஏற்றலாம். நடுவில் கரண்ட் போய்த் தொகுப்பு உடைந்திருந்தால் நான் போனில் சொல்வது இது: கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து சுடோ, ஒரு இடைவெளி, டி, பி, கே, ஜி நான்கெழுத்தும் சேர்த்து, இடைவெளி, இரண்டு சிறுகோடு ஒட்டினாற்போல் கான்ஃபிகர், இடைவெளி, ஒரு சிறுகோடு ஏ. பாஸ்வேர்டு அடிக்கும்போது சில பதிப்புகளில் நட்சத்திரம்கூட வராது, பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அது முடிந்ததும் சினாப்டிக்கில் எடிட் மெனுவில் உடைந்த தொகுப்புகளைச் சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. அநேகமாக அத்தோடு சரியாகிவிடும்.

பூட்டை உடைப்பது

“அண்ணா, காலையில கடை திறந்து ஒரு சாஃப்ட்வேர் போடலாம்னா லாக்னு வருதுங்க.” இந்தப் போன் அடிக்கடி வரும். உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்கள் காலை ஆறு மணி வாக்கில் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால், அடுத்து ஆன் செய்ததும் விட்ட வேலையைத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் டெப் தரவுத்தளத்தைத் தொடலாம் என்பதற்கான பூட்டு அது. சாஃப்ட்வேர் சென்டர் இதைத் தெளிவாகச் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் புரியாத ஒரு பிழையைக் காட்டும்.

இணையத்தில் தேடினால் லாக் ஃபைலை அழித்துவிடு என்று ஒரு வரி வைத்தியம் கிடைக்கும். செய்யாதீர்கள். அந்த ஃபைல் எப்போதும் அங்கே இருப்பதுதான். பூட்டு என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அதைப் பிடித்து வைத்திருப்பது. ஃபைலை அழித்தால் முதல் நிரல் நிற்காது. இரண்டாவது நிரலும் உள்ளே நுழைந்து, இரண்டும் ஒரே பதிவேட்டில் எழுதும். அதற்குப் பிறகு சரிசெய்ய யாராவது நேரில்தான் வர வேண்டும். கொஞ்ச நேரம் பொறுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ரொம்ப நேரம் ஆகியும் விடவில்லை என்றால் சிஸ்டம் மானிட்டரில் டெப் தொகுப்புகளை ஏற்றும் நிரல்களான ஆப்ட் அல்லது டிபிகேஜி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள்.

தேடிக் கிடைக்காவிட்டால் இல்லை என்று நினைப்பது

க்னோம் சாஃப்ட்வேரும் டிஸ்கவரும் முக்கியமாக ‘செயலி’ என்று விவரக்குறிப்பு உள்ளவற்றையே காட்டும். எழுத்துருத் தொகுப்பு, மொழித் தரவு, கட்டளைக் கருவி பலவும் அதில் வராது. பழைய தமிழ் ஆவணத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்க டெசராக்ட் வேண்டும், அதற்குத் தமிழ்த் தரவும் வேண்டும். இந்த இரண்டிலும் தேடினால் சுழி. சினாப்டிக்கில் டெசராக்ட் என்று அடித்தால் மொழிகள் வரிசையாக வரும், தமிழ் ‘டேம்’ என்ற மூன்றெழுத்தில் இருக்கும்.

கண்ட தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி இரட்டைக் கிளிக் செய்வதும் பரவலான பழக்கம். உபுண்டு 24.04 வந்த புதிதில் ஆப் சென்டர் அப்படி இறக்கிய டெப் கோப்பை ஏற்றவே இல்லை, பிறகுதான் சரிசெய்தார்கள். ஏறினாலும் அது வேறு பதிப்புக்கான டெப் என்றால் அது ஓடத் தேவையான சார்புத் தொகுப்பு இல்லை என்று நிற்கும். கூகுள் குரோமின் டெப் தன் களஞ்சியத்தையும் சேர்த்துவிடுவதால் அப்டேட் தானாக வரும். தனியாக வந்த டெப் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது, ஏற்றிய நாளில் இருந்தபடியே கிடக்கும்.

செயலிக்குக் கொடுத்திருக்கும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து நம்பவும் வேண்டாம். ஸ்னாப் ஸ்டோரில் போலி கிரிப்டோ வாலட்கள் நுழைந்து சிலர் பணம் இழந்த பிறகுதான், 2024-ல் புதிய பெயர்களைப் பதிவதற்கு மனிதர்கள் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வெளியிட்டவர் பெயரையும் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வங்கியின் பெயரில் டெஸ்க்டாப் செயலி ஒன்று கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு பிரவுசரிலேயே வங்கித் தளத்துக்குப் போங்கள்.