சின்னத் திருகுக்குப் பெரிய ரெஞ்ச் வேண்டாம்: துப்பாக்கி வேலைக்கு டார்க் திருப்புளி வாங்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெமிங்டன் 700 ரைஃபிளின் முதுகில், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குரிய அடித்தளத்தைப் பிடித்து நிறுத்துபவை 6-48 அளவுள்ள திருகுகள். விட்டம் மூன்றரை மில்லிமீட்டர். ஓர் அங்குல நீளத்துக்கு 48 மரை. நெல்மணியைவிடச் சற்றுப் பருமன், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்கோப்பின் மொத்த எடையும் பின்னுதைப்பில் இந்தச் சில திருகுகளின் மேல்தான் இழுபடுகிறது. தளர்வாக விட்டால் குறி நகரும். அளவு மீறி முறுக்கினால் தலை அறுந்து, உடல் மட்டும் துளைக்குள் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்கப் பட்டறையில் கொடுக்கும் கூலி, நல்ல டார்க் திருப்புளி ஒன்றின், அதாவது முறுக்கு விசையை (டார்க்) அளந்து முறுக்கும் திருப்புளியின், விலையை எளிதில் தாண்டிவிடும்.

ஆகவே கருவி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பலரும் தவறான ஒன்றையே வாங்குகிறார்கள். விலை குறைவாக இருப்பது அங்கே குற்றமில்லை. கருவியின் அளவு வீச்சைப் பார்க்காமல் வாங்குவதே குற்றம்.

ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் முறுக்கு அளவு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. நியூட்டன் மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ இரண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கார் ரெஞ்சை எடுத்துக்கொண்டு போனால், அதன் அளவுகோல் தொடங்குவதே இதைவிடப் பல மடங்கு மேலே. சைக்கிள் வேலைக்கு விற்கும் சின்ன ரெஞ்ச் கைக்கு அடக்கமாக, விலையும் குறைவாக இருப்பதால் ஆசை காட்டும். அவற்றில் பல 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை அளப்பவை. நமக்கு வேண்டிய அளவு அதன் அடிவிளிம்பில் நிற்கிறது. குறித்த அளவு வந்ததும் ஒலி எழுப்பும் 'கிளிக்' வகை ரெஞ்சுகளின் துல்லிய உறுதிமொழி பொதுவாக முழு அளவின் 20 சதவீதத்துக்கு மேல்தான் செல்லும். 20 வரை அளக்கும் ரெஞ்சுக்கு அது 4 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்ப வழியில்லை. அந்த அடிவிளிம்பில் கிளிக் ஒலியும் மெலிந்துவிடும். ஒலி கேட்கவில்லையே என்று இன்னும் கால் சுற்று முறுக்குவோம், திருகு போய்விடும்.

வாங்க வேண்டியது, நாம் அடிக்கடி முறுக்கும் அளவு தன் வீச்சின் கடைக்கோடியில் விழாத கருவி. துப்பாக்கி வேலைக்கென்றே வரும் வீலர் ஃபேட் ரெஞ்ச் 10 முதல் 65 இஞ்ச்-பவுண்டு வரை செல்கிறது. வளையத் திருகிலிருந்து, உலோகப் படுகையில் அமர்ந்த துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் திருகு வரை பெரும்பாலான வேலைகள் இதற்குள் அடங்கிவிடும். அளவை மாற்றவே தேவையில்லாதவர்களுக்கு, ஃபிக்ஸ் இட் ஸ்டிக்ஸ் போன்றோர் 15, 25, 45, 65 என்று நிலையான அளவில் தனித்தனித் துண்டுகளாக விற்கிறார்கள். இரண்டே அளவுதான் உங்களுக்குத் தேவை என்றால் அந்த இரண்டு துண்டு போதும். முழுப் பெட்டிக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

குறித்த அளவு வந்ததும் வழுக்கிச் சுழலும் வகையையே முதல்முறை வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன். மின்னணுக் கருவிகளில் பல பீப் ஒலி எழுப்புமே தவிர, கையை நிறுத்தாது. ஒரு கணம் தாமதித்தாலும் எல்லை தாண்டிவிடும். பேட்டரி டிரில்லின் கழுத்தில் உள்ள 1, 2, 3 எண்களை டார்க் அளவு என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. அவை எந்த அலகும் இல்லாத வெறும் படிகள்.

அலகுக் குழப்பத்தில் பலியான திருகுகள் ஏராளம். 15 இஞ்ச்-பவுண்டு வேறு, 15 அடி-பவுண்டு வேறு. பின்னது பன்னிரண்டு மடங்கு. நம் ஊர்க் கருவிக் கடைகளில் கிலோ-சென்டிமீட்டர் அளவுகோல் உள்ளவையும் கிடைக்கும். 18 இஞ்ச்-பவுண்டு அதில் ஏறத்தாழ 21. இந்த மாற்றத்தைக் கருவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கருவிக்குச் செலவழித்துவிட்டு, அதன் முனையில் மாட்டும் பிட் வாங்கும்போது கையை இறுக்கிக்கொள்வது மிகப் பரவலான தவறு. நுனி மழுங்கிய டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட் பதினைந்தே இஞ்ச்-பவுண்டில்கூடத் திருகின் தலையைக் கடித்து வட்டமாக்கிவிடும். பழைய துப்பாக்கிகளில் ஒற்றை வெட்டுத் திருகுகள்தான். அங்கே சாதாரணத் திருப்புளியின் ஆப்பு வடிவ நுனியை உற்றுப் பாருங்கள்: அது வெட்டின் மேல் உதட்டை மட்டுமே தொடுகிறது, அடியில் இடைவெளி. அழுத்தித் திருப்பினால் நுனி மேலேறி நழுவி, நீலமேற்றிய உலோகத்தில் வெள்ளைக் கோடு கிழிக்கும். இருபக்கமும் இணையாக, உட்குழிவாகத் தீட்டிய பிட் வெட்டின் அடிவரை நிறைந்து உட்காரும். அகலமும் திருகுத் தலைக்குச் சரியாக இருக்க வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் கருவியில் ஒரு படி இறங்குங்கள், பிட்டில் இறங்காதீர்கள்.

மலிவுக் கருவி சரியாக அளக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பெஞ்ச் வைஸின் தாடைகளில் ரப்பர் வைத்து, திருப்புளியின் கைப்பிடியைப் படுக்கைவாட்டில் கவ்வவிடுங்கள். பிட்டில் ஓர் இலேசான கம்பியைப் பொருத்துங்கள். கைப்பிடிக்குப் பின்னால் நின்று பார்க்கையில் அது இடப்பக்கம் கிடையாக நீள வேண்டும். சரியாக 20 சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருவது 20 கிலோ-சென்டிமீட்டர், அதாவது 17 இஞ்ச்-பவுண்டுக்குச் சற்று மேல். கம்பியின் எடை இதில் சிறிது கூட்டும். கருவியை 15 இஞ்ச்-பவுண்டில் வைத்தால் எடை வழுக்கி இறங்க வேண்டும். 20 இஞ்ச்-பவுண்டில் வைத்தால் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டிலும் நின்றாலோ, இரண்டிலும் வழுக்கினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவி சரியாக இருந்தும் திருகு அறுவதுண்டு. முறுக்கும் விசையில் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடுகிறது; பத்தில் ஒரு பங்கு அளவே திருகை இழுத்துப் பிடிக்கும் பிடியாக மாறுகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் பிடி மிகவும் கூடிவிடும். திருகு தளராமல் இருக்க மரையில் இடும் பசையும், திரவ நிலையில் இருக்கும்வரை, எண்ணெய் போலத்தான் நடந்துகொள்ளும். கையேட்டில் உள்ள எண் உலர்ந்த மரைக்கா, பசை இட்ட மரைக்கா என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள். சின்னத் திருகுகளுக்கு லாக்டைட் 222 என்ற ஊதா வகைப் பசையே போதும். பின்னொரு நாள் கழற்றும்போது கைக்கருவியிலேயே கழலும்.

வேலை முடிந்ததும், அளவு மாற்றும் வகையானால் குமிழைக் கீழ்க்கோடி எண்ணுக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும் ஸ்பிரிங் நாளடைவில் சோர்ந்துபோகும்; பிறகு 18 என்று காட்டி 15-இலேயே வழுக்கத் தொடங்கும்.