காட்டு மிருகங்களுக்குத் தடுப்பூசி: பெய்ட் காணாம போனா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல

இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க அனுப்புற ரிப்போர்ட்டைப் படிக்கிறப்பெல்லாம், ஆரம்பத்துல நாங்க பண்ண அதே தப்பு வரிக்கு வரி திரும்ப வருது. மருந்துப் பெட்டியை ஃப்ரீசர்ல இருந்து எடுத்து வெளிய மறந்துடுறது, மேப்புல கோடு தப்பாப் போடுறது, இதெல்லாம் ஒரு சீசன்ல தானா சரியாயிடும், அதைப் பத்திப் பேசப் போறதில்ல. மாடு, பன்னி வளர்க்குறவங்க தலையில போய் விழுற தப்புகளை மட்டும் சொல்றேன். காட்டுல நாம விட்ட ஓட்டை எப்பவும் தொழுவத்துலதான் முதல்ல தெரிய வருது.

பெய்ட் போயிடுச்சு, அதனால தடுப்பூசி போட்டாச்சு

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான். நரிக்கு ரேபீஸ் (வெறிநோய்), காட்டுப்பன்னிக்கு ஸ்வைன் ஃபீவர் (பன்னிக் காய்ச்சல்)னு வாய் வழியா மருந்து குடுக்குற திட்டம் எல்லாம் பெய்ட்டை, அதாவது மருந்து வெச்ச இரையை நம்பித்தான் ஓடுது. 1978ல சுவிட்சர்லாந்துல முதல்முறையா காட்டு நரிக்கு இப்படிக் குடுத்துப் பாத்தப்போ கோழித்தலைக்குள்ள மருந்தை வெச்சாங்க. இப்போ ஃபேக்டரியிலயே மீன்தூளும் கொழுப்பும் சேத்துக் கட்டியா செஞ்சு, நடுவுல திரவ மருந்து இருக்குற ஒரு சின்ன பாக்கெட்டை வெச்சுடுறாங்க. நரிக்குன்னா சதுர கிலோமீட்டருக்கு 20, 25னு விமானத்துல இருந்து போடுறது, சில நாள் கழிச்சு சில இடத்துல போய்ப் பாக்குறது, பெய்ட் இல்லன்னா உடனே "பத்துக்கு ஒம்போது சாப்ட்டாச்சு"ன்னு எழுதிடுறது. யாரு சாப்ட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

ஒரு டீம் இப்படித்தான் ரொம்ப சந்தோஷமா ரிப்போர்ட் குடுத்துச்சு. அடுத்த தடவை சில பெய்ட் முன்னாடி கேமரா கட்டச் சொன்னேன். ராத்திரி ஒரு தாய்ப்பன்னி குட்டிங்களோட வந்து மூக்கை மண்ணுல வெச்சுக்கிட்டே போய் வழியில கிடந்த நரி பெய்ட்டை எல்லாம் முடிச்சுட்டுப் போயிடுச்சு. விடியக்காலைல காக்கா. ஒரு இடத்துல எலி ஓரம் ஓரமா கொறிச்சு கட்டியை மட்டும் தின்னுட்டு பாக்கெட்டை அப்படியே விட்டுடுச்சு. கடைசியா ஒரு நரியும் வந்துச்சு, மோந்து பாத்துட்டு பெய்ட்டை வாயில கவ்விக்கிட்டு கேமராவை விட்டு வெளிய நடந்து போயிடுச்சு, அதை எல்லாரும் வெற்றின்னு கணக்குல சேத்தாங்க. ஆனா நரிக்கு அப்ப பசி இல்லன்னா கிடைச்சதை மண்ணைத் தோண்டிப் பொதைச்சு வெச்சுட்டுப் போறது அதோட பழக்கம். சில நாள் கழிச்சு வந்து எடுத்துத் தின்னும்போது உள்ள மருந்தா இருக்குற வைரஸ் எவ்வளவு உயிரோட இருக்கும்?

சரி, நரியே தின்னுடுச்சுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. இந்த மருந்து வயித்துக்குள்ள போய் வேலை செய்யாது, வாய்க்குள்ள, தொண்டைல டான்சில் இருக்குற பக்கம் ஈரச் சவ்வுல படணும். அதுக்கு மிருகம் கடிக்கும்போது பாக்கெட் கிழியணும். முழுசா முழுங்கினா வயித்துல போய் மருந்து செத்துடும். அதனால கீழ கிடக்குற பாக்கெட்டைப் பொறுக்கி ஒவ்வொண்ணா பாருங்க. பல்லு நல்லா எறங்கி ரெண்டு மூணு ஓட்டை விழுந்து உள்ள காலியா இருந்தா நல்லது, ஓரத்துல ஒரு கீறல் மட்டும் இருந்து மருந்து அடியில மண்ணுல ஊறியிருந்தா அந்த டோஸ் மண்ணுக்குத்தான் போச்சு.

"மார்க்கர் இருக்கே சார்"னு அடுத்து சொல்லுவாங்க, அதாவது தின்ன மிருகத்தை அடையாளம் காட்டுற பொருள். பல பெய்ட்ல டெட்ராசைக்ளின் கலந்திருப்பாங்க, அது எலும்புலயும் பல்லுலயும் படிஞ்சு, பல்லை மெல்லிசா அறுத்து புற ஊதா வெளிச்சத்துல பாத்தா மஞ்சளா மின்னும். ஆனா அது வழக்கமா இருக்குறது வெளிக்கட்டியில, மருந்து இருக்குறது உள்ள பாக்கெட்டுல. பல்லு மின்னுதுன்னா கட்டியைத் தின்னுச்சுன்னுதான் அர்த்தம். ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கான்னு தனியாப் பாத்தே ஆகணும், அதுவும் சுட்டுக் கொண்டு வர்ற மிருகத்தோட ரத்தம் அழுகினாப்ல வந்தா ரிசல்ட்டை நம்ப முடியாது, நல்ல சாம்பிள் வேணும்னு வேட்டைக்காரங்ககிட்ட முன்னாடியே கறாரா சொல்லிடணும்.

இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் பாத்த ஒரு இடத்துல இந்த "சாப்ட்டாச்சு" கணக்கைக் காட்டித்தான் அடுத்த சீசன் பெய்ட்டைக் குறைச்சாங்க. அப்புறம் மாட்டுக்கு வெறி வந்துச்சு. எச்சில் ஒழுகுது, தீனி முழுங்க முடியல, குரல் மாறிப் போச்சு. மாட்டுக்காரர் தொண்டைல ஏதோ அடைச்சிருக்குன்னு நினைச்சு வாய்க்குள்ள கையை விட்டுத் துழாவிப் பாத்துட்டாரு. மாடு செத்துடுச்சு, அவர் வீட்டுல மாட்டைத் தொட்ட அத்தனை பேரும் வரிசையா ஊசி போட்டுக்கிட்டாங்க. ரிப்போர்ட் எழுதுனவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

குட்டிங்களைக் கணக்குல சேக்காம விடுறது

ஜெர்மனியில 1993ல காட்டுப்பன்னிக்கு ஸ்வைன் ஃபீவர் பெய்ட் வெக்க ஆரம்பிச்சதுல இருந்தே தொல்லை குடுத்தது குட்டிங்கதான். பெரிய பன்னி தள்ளிவிட்டுத் தின்னுடும், சின்னக் குட்டிக்கு பெய்ட் கடிக்கவே வராது. வருஷா வருஷம் புதுசாப் பொறக்குறதுங்கதான் நோய்க்கு விறகு. ஒரே இடத்துல கொட்டாம பரவலா மண்ணுல கொஞ்சம் பொதைச்சு வெச்சு, வருஷத்துல பல தடவை செய்யணும், அந்தந்த மிருகம் எப்ப குட்டி போடும்னு பாத்து தேதி குறிக்கணும்.

கொளுத்துற வெயில்ல போடுறது

வேணாம். கொழுப்பு உருகும், மருந்து சாகும்.

டார்ட் அடிச்ச கையோட ஆன்டிபயாடிக்

மயக்க டார்ட் அடிச்ச காயத்துக்கு லாங் ஆக்டிங் பெனிசிலின் போடுறது டாக்டர்களுக்குக் கையில ஊறிப்போன பழக்கம், நல்ல எண்ணத்துல பண்றதுதான். ஆனா அன்னைக்குப் போடுறது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கான ஸ்டெர்ன் தடுப்பூசின்னா, அதுல இருக்குறது உயிருள்ள பாக்டீரியா ஸ்போர். உடம்புக்குள்ள அது முளைச்சதும் பெனிசிலின் அதையும் சேத்துக் கொன்னுடும். மிருகத்தை அவ்வளவு கஷ்டப்பட்டுப் புடிச்சு, உயிரைப் பணயம் வெச்சு மயக்கி, ஒண்ணுமே குடுக்காம அனுப்புன கணக்குதான்.

தடுப்பூசி நோயைக் குணமாக்கும்னு நம்புறது

பிரிட்டன்ல மாட்டு டிபிக்காக (காசநோய்) பேட்ஜர்ங்குற வளை தோண்டி வாழுற காட்டு மிருகத்துக்கு பிசிஜி ஊசி போட 2010ல லைசன்ஸ் குடுத்தாங்க. ஏற்கனவே டிபி இருக்குற பேட்ஜருக்கு அது ஒண்ணும் பண்ணாது, அது சாகுற வரைக்கும் பரப்பிக்கிட்டேதான் இருக்கலாம். பலன் வருஷக் கணக்குல மெதுவாத்தான் வரும்னு பண்ணைக்காரங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. ஆறு மாசம் கழிச்சு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஊசி போட பேட்ஜரைப் புடிக்குற கூண்டை வெச்ச அன்னைக்கே மூடாதீங்க, சில நாள் திறந்தே வெச்சு கடலையைப் போட்டுப் பழக்கணும்.

டெஸ்ட்டை யோசிக்காம மருந்தைத் தேர்ந்தெடுக்குறது

மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்குற புரூசெல்லோசிஸுக்கு ஸ்ட்ரெயின் 19ங்குற தடுப்பூசி போட்டா அதோட ஆன்டிபாடி சாதாரண ரத்த டெஸ்ட்ல நிஜ நோய் மாதிரியே காட்டும். ஆர்பி51ங்குற இன்னொரு தடுப்பூசியில அந்தக் குழப்பம் வராது. லேப்கிட்ட கேட்டுட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.

காட்டை மட்டும் பாக்குறது

சில நோய்க்கு ஊசி போட வேண்டிய இடமே காடு இல்ல. ஆப்பிரிக்காவுல செரெங்கெட்டி காட்டுல வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வில்டபீஸ்ட்ங்குற மான் இன மிருகத்தோட கன்னுங்களைக் கொன்னுக்கிட்டே இருந்துச்சு. சுத்தி இருந்த மாடுகளுக்கு ஊசி போடப் போட, 1960கள் தொடக்கத்துல காட்டு மிருகங்கள்லயும் நோய் தானா அடங்கிடுச்சு. சுமார் 2.5 லட்சமா இருந்த வில்டபீஸ்ட் 1970கள் முடியறதுக்குள்ள 10 லட்சத்தைத் தாண்டுச்சு. அந்த நோயே 2011ல உலகத்துல இல்லன்னு அறிவிச்சாங்க. ஒரு வில்டபீஸ்ட்டைக்கூட தொரத்திப் புடிக்க வேண்டியிருக்கல. அதனால முதல்ல நோய் எங்க தங்குதுன்னு பாருங்க, மாட்டுல தங்கி காட்டுக்குப் போகுதா, காட்டுல தங்கி மாட்டுக்கு வருதா. இதுக்குப் பதில் தெரியாம பெய்ட் வாங்காதீங்க.

கேஸ் நின்ன உடனே நிறுத்துறது

நரி ரேபீஸ்னா கடைசி கேஸுக்கு அப்புறமும் 2 வருஷம் போடணும். பணம் இல்லன்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஊர்ல சொல்லாம போடுறது

பெய்ட்டை நாயும் கண்டுபுடிக்கும். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல 2000ல ஒரு பொண்ணு தன் நாய் வாயில இருந்து ரேபீஸ் பெய்ட்டைப் புடுங்கப் போய் கடி வாங்கி, அந்த மருந்துல இருந்த வாக்சினியா வைரஸ் (பெரியம்மை தடுப்பூசியில இருக்குற வைரஸ்) தொத்திக்கிச்சு, அப்ப அவங்க கர்ப்பமா வேற இருந்தாங்க. ஒவ்வொரு பெய்ட்லயும் ஃபோன் நம்பர் அச்சடிச்சிருக்கணும், அந்த நம்பரை எடுத்துப் பேச ஆளும் இருக்கணும். போடப்போற வாரம் பள்ளிக்கூடம், மேய்ச்சலுக்குப் போறவங்க, நாய் வளர்க்குறவங்க எல்லாருக்கும் பெய்ட்டோட ஃபோட்டோவைக் காட்டி, தொடாதீங்க, தொட்டா சோப்பு போட்டுக் கழுவிட்டு ஃபோன் பண்ணுங்கன்னு நேர்ல போய் சொல்லுங்க.